தவக்காலத்து விஸ்கி சவர்

விஸ்கியை நான் தேயிலை டிகாக்‌ஷனில்தான் கற்றேன். சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம். திருமுல்லைவாயிலில் ஒற்றை அறை வாடகை வீடு. நகரத்து ஓட்டல் ஒன்றின் பாரில் கிளாஸ் துடைக்கவும் ஐஸ் அள்ளவும் மின்ரயிலில் போய்வந்தேன், தற்காலிகமாக. மேனேஜர் முன்னால் விஸ்கி சவர் என்னும் புளிப்புக் காக்டெயில் ஒன்றைச் சரியாகக் கலந்து காட்டினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் அந்தக் கோடையோடு சரி. மனைவிக்கு ஐந்தாம் மாதம். பிரசவம் நல்லபடியாக ஆகவேண்டுமென்று சாம்பல் புதனன்றே நேர்ந்திருந்தேன்: ஈஸ்டர் வரை ஒரு சொட்டு மது நாக்கில் படாது. சோதனை நாள் விழுந்ததோ தவக்காலத்துக்குள்.

அதனால் டிகாக்‌ஷன். அதே நிறம், ஏறக்குறைய அதே துவர்ப்பு. சாம்பிராணிப் புகை காட்டினால் ஸ்காட்ச். கருப்பட்டி கரைத்தால் மக்காச்சோளத்தில் பிறக்கும் அமெரிக்க பர்பன். மிளகைத் தட்டிப் போட்டால் கனடாக்காரர்களின் ரை விஸ்கி. எங்கள் அடுப்படியில் மூன்று தேசத்து வாசனை! எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து, இரண்டு எவர்சில்வர் தம்ளரை வாயோடு வாய் கவிழ்த்துக் குலுக்குவேன். ருசி பார்க்க மனைவியின் அண்ணன், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுபவர்.

“இன்னா மாப்ள, டீல முட்டைய ஊத்திக்கினு கீற? நாளைக்கு கருவாடா?”

“ண்ணா, மொதல்ல குடி. அப்பறம் பேசு,” என்றாள் இவள்.

“கசக்குது. இன்னுங் கொஞ்சம் சக்கர போடு மாப்ள.”

போட்டேன். அவர் முகம் மலரும்வரை போட்டேன்.

சோதனையன்று கையில் நிஜ பர்பன். கை பழகிய அளவிலேயே எல்லாவற்றையும் ஊற்றினேன். மேனேஜர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்தார்.

“இன்னாய்யா இது, பாயசமா? குடுக்கறதுக்கு முன்னால ஸ்ட்ரால ஒரு சொட்டு தொட்டு நாக்குல வெச்சுப் பாத்தியா?”

“இல்ல சார். தவக்காலம். நேர்ந்துகினு கீறேன்.”

வேலை போயிற்று என்றே நின்றேன். அவர் நுரையையே பார்த்தார்.

“கார்த்திகைல மாலை போட்டா நானும் தொட மாட்டேன்யா. எனக்கு வேற ஆளு ருசி பாத்துச் சொல்லுவான். ஈஸ்டர் முடிச்சிட்டு வா. அதுவரைக்கும் ஐஸ் அள்ளு.”

அந்த ஒரு வார்த்தையின் ஈரம் இன்னும் என்மேல் இருக்கிறது.

ஈஸ்டர் பூசை முடிந்து வந்ததும், ஆவடி ராணுவ நண்பரிடமிருந்து வாங்கிய கேண்டீன் விஸ்கியோடு மச்சான் வந்தார். பர்பன் அல்ல, சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகில் வடித்த நம்மூர்ச் சரக்கு. பழைய அளவிலேயே கலந்தேன். முதல் வாய். ஐயோ, பாயசமேதான்! டிகாக்‌ஷனின் கசப்பை அமுக்கத்தான் அத்தனை சர்க்கரை. விஸ்கிக்கோ தனக்கென்று ஒரு இனிப்பு உண்டு. பாகைப் பாதியாக்கினேன். புளிப்பு எழுந்து நின்றது.

“டீய நம்பி மோசம் போனோமே மாப்ள,” என்றார் மச்சான், தம்ளரைக் கீழே வைக்காமல். இவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் பர்பனில் ஸ்ட்ராவைத் தொட்டு, ருசித்து, பாகைக் குறைத்துக் கலந்தேன். மேனேஜர் கிளாஸைக் காலி செய்துவிட்டுத்தான் பேசினார்: “சேந்துக்கோ.”

மகள் பிறந்து, குப்புற விழப் பழகிய கார்த்திகையில், அவர் கறுப்பு வேட்டியும் மணிமாலையுமாக பாருக்குள் வந்தார். யாரோ கேட்டதற்குக் கலந்த ஓல்டு ஃபேஷன்ட் என்னும் விஸ்கி காக்டெயிலை என் பக்கம் நகர்த்தி, ஒரு ஸ்ட்ராவை நீட்டினார்.

“நீ சொல்லுய்யா.”