லோசாலினியின் விமானப் பை

லோசாலினிக்கு ‘இல்லை’ என்று சொல்ல வராது. ஐம்பத்தாறு வயதில் ஒரே ஒரு தரம் சொன்னாள். அதையும் ஆகாயத்தில் வைத்துச் சொன்னாள். சொல்லிவிட்டு அவள் பட்ட பாட்டைப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்தவள் நான்.

எங்கள் தீவில், லௌட்டோகா ஊரில், அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு செம்பருத்தி வேலி. அதில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. அந்த ஓட்டை வழியாக எத்தனை சாமான் போயிருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும். தீவின் பூர்வகுடியான அவர்கள் சனத்தில் ‘கெரெகெரெ’ என்று சொல்லி உறவுக்காரர் ஒரு பொருளைக் கேட்டுவிட்டால், அது அவருடையது. கொடுத்தவரும் இன்னொரு நாள் போய் வேறொன்றைக் கேட்டு வாங்கிக்கொள்வார். கணக்கு சரியாகிவிடும். லோசா இருக்கிறாளே, கொடுப்பதோடு சரி. கேட்கப் போகவே மாட்டாள். அவள் ஆசையாக வாங்கிய வாஷிங் மெஷின் ஒரு வாரம்கூட அவள் வீட்டில் சுற்றவில்லை. “எங்கடி மெஷின்?” என்று கேட்டால், துணியைக் கல்லில் அடித்தபடியே ஒரே பதில்.

“கேட்டாங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொருள் அவளுடையது, எரிச்சல் என்னுடையது.

அவள் பள்ளிக்கூட விடுதியில் சமையல்காரி. மரவள்ளிக் கிழங்கு வேகிற அண்டாக்களுக்கு முன்னால் நின்று நின்று கால் போய்விட்டது. போன வருடத்துக்கு முந்தின வருடம் இடது கெண்டைக்காலில் ரத்தம் கட்டி, ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தாள். இந்தக் காலை வைத்துக்கொண்டுதான் இங்கிலாந்து போகவேண்டி வந்தது.

அவள் ஒரே மகள் கெலேரா அங்கே இருக்கிறாள். புருஷன் பட்டாளத்துக்காரன், பாதி வருடம் வீட்டில் இருக்கமாட்டான். முதல் பிள்ளை வயிற்றிலேயே போனபோது அந்தப் பெண் வீட்டில் தனியாகக் கிடந்தாள். இப்போது மறுபடி எட்டு மாதம். “அம்மா, இந்தத் தடவையும் நான் தனியா இருந்தா செத்துப்போயிருவேன்” என்று போனில் அழுதாள். லோசா அன்றே லீவு கேட்டாள். என் மகனும் லண்டனில் இருக்கிறான். நானும் கூடக் கிளம்பினேன்.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரி, ஆனால் கறார். தொடைவரைக்கும் இறுக்கிப் பிடிக்கிற நீள சாக்ஸ் எழுதிக்கொடுத்தாள். இறங்கும்வரை அதைக் கழற்றக்கூடாது. நடைபாதை ஓரத்து சீட். நிறையத் தண்ணீர். அடிக்கடி எழுந்து நடக்கவேண்டும். கட்டைவிரலால் முழங்காலுக்குக் கீழே அழுத்தி, “குழி விழுந்து அப்படியே நின்னா கால் வீங்குதுன்னு அர்த்தம்” என்று காட்டினாள். “அங்க போய் நீங்க ஆஸ்பத்திரியில படுத்துட்டா உங்க மகள யாரு பாத்துக்குவா?” என்று கேட்டாள். லோசா தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் இரண்டு தடவை லண்டன் போய் வந்தவள். மேலே தூக்கிப் போட்ட பெட்டியில் எல்லாவற்றையும் வைத்துவிட்டு, கையில் ஒன்றுமில்லாமல் விடிய விடியக் குளிரில் நடுங்கியவள். அதனால் லோசாவின் கைப்பையை நானே பார்த்துப் பார்த்துக் கட்டினேன். கழுத்துக்குத் தலையணை. மெல்லிய கம்பளிச் சால்வை. கண்ணை மறைக்கிற துணி. உதடு வெடிக்காமலிருக்க வாஸ்லின். இஞ்சி மிட்டாய். காலித் தண்ணீர் பாட்டில், உள்ளே போனபிறகு நிரப்பிக்கொள்ள. மாற்றுத்துணி ஒன்று, பல் துலக்கும் சாமான், ரத்தம் இளகுகிற மாத்திரை. எல்லாம் காலடியில் வைக்கிற பையில், கை விட்டால் அகப்படுகிற மாதிரி.

“யார் கேட்டாலும் குடுக்கமாட்டேன்னு சொல்லுடி.”

“சரி.”

“சரின்னா? வாயத் தொறந்து சொல்லு பாப்போம், ‘இல்ல’ன்னு.”

அவள் வாயைத் திறந்தாள். சிரிப்புத்தான் வந்தது.

பயணம் சொல்லிக்கொள்ள ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அண்ணிக்காரிக்குக் கழுத்து வலி, தலையணை போயிற்று. பாதிரியாரின் தாயாருக்குக் குளிர், சால்வை போயிற்று. கண்துணியை யாரோ ஒரு வாண்டு கட்டிக்கொண்டு முற்றத்தில் கோழியைத் துரத்திற்று. பாட்டில் ரக்பி ஆடுகிற அண்ணன் மகனுக்கு, வாஸ்லினும் பல் துலக்கும் சாமானும் வேறு யாருக்கோ. போன சாமானின் இடத்தில் வேறு சாமான் வந்தது: இங்கிலாந்துப் பட்டாளத்தில் இருக்கிற ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓலைப் பாய், விசிறி, ஒரு பெரிய பாட்டில் தேங்காயெண்ணெய். நான் வேலி ஓட்டையில் நின்று கத்தினேன்.

“உனக்குப் புத்தி இருக்கா? எண்ணெய விமானத்துக்குள்ள விடமாட்டாங்கடி!”

“விடலன்னா ஏர்போர்ட்ல இருக்கிறவங்களுக்குக் குடுத்துடலாம்.”

நாடி விமான நிலையத்தில் நான் சொன்னபடியே ஆயிற்று. பையைச் சோதித்த பையன் பாட்டிலைத் தூக்கிக் காட்டினான். “எடுத்துட்டுப் போய் உங்கம்மா தலைக்குத் தேச்சு விடு” என்றாள் லோசா. “வாங்கக்கூடாதும்மா” என்று அவன் அதைத் தொட்டியில் போட்டபோது, உயிரே போனமாதிரி பார்த்தாள். கடைசியில் நான் கட்டிய பையில் மிஞ்சியது மாத்திரை, மாற்றுத்துணி, இஞ்சி மிட்டாய். காலில் மாட்டியிருந்ததால் சாக்ஸ் தப்பித்தது. வாசல்வரை வந்த அவள் தங்கைக்கும் அதன்மேல் ஒரு கண் இருந்தது. நான் லோசாவின் பாவாடையைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டு, முறைத்துக்கொண்டு நின்றேன்.

நடைபாதைக்கு அந்தப் பக்கத்து சீட்டில் இலைட்டியா என்று ஒரு பெரியவர். ஆள் மலைமாதிரி. லோசா எந்தத் தீவு என்று கேட்டவர், பதில் வந்ததும் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். “அப்ப நீ நமக்குத் தௌவு!” என்றார். தௌவு என்றால் அவர் ஊருக்கும் இவள் ஊருக்கும் ஆதிகாலத்து முறை. கண்ட இடத்தில் ஒருவரை ஒருவர் திட்டலாம், கையில் இருப்பதைப் பிடுங்கலாம், கோபம் மட்டும் வரக்கூடாது. தெரிந்தவுடனே நான் லோசாவின் பையைக் காலால் உள்ளே தள்ளினேன்.

“மீன் நாத்தம் அடிக்குதேன்னு பாத்தேன், நீதானா?” என்று சொல்லிக்கொண்டே இஞ்சி மிட்டாய் முழுவதையும் எடுத்துக்கொண்டார்.

“தின்னு, தின்னு. உங்க மலையில கல்லத் தவிர வேற என்னத்தக் கண்ட நீ?” என்றாள் லோசா. சிங்கப்பூர்வரை இரண்டு பேருக்கும் கொண்டாட்டம். எனக்கு நெருப்பில் உட்கார்ந்தமாதிரி இருந்தது. இந்த ஆள் அடுத்து என்ன கேட்பானோ என்று ஒரு பொட்டுக் கண் அசரவில்லை.

சிங்கப்பூரில் விமானம் மாறினோம். இந்த விமானத்திலும் அவர் எங்களுக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார். பாதி வழி போயிருப்போம். அவர் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டினார். இரண்டு காலும் வீங்கிப் பளபளவென்று இருந்தன. செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாகக் கிடந்தது. லண்டனில் இறங்கி இன்னொரு விமானம் ஏறி, அயர்லாந்துப் பக்கம் மகனிடம் போகவேண்டுமாம். லோசா தன் காலைத் தடவிக்கொண்டதை அவர் பார்த்துவிட்டார்.

“அது என்ன சாக்ஸ்?”

“வீங்காம இருக்க.”

அவர் சிரிப்பை விட்டுவிட்டார். இரண்டு கையையும் மூன்று தரம் மெதுவாகத் தட்டினார். அது அவர்கள் மரியாதை. “கெரெகெரெ, தங்கச்சி. வலி உயிர் போகுது. அதக் குடு.”

நான் லோசாவின் கையைப் பிடித்தேன். கேட்டவர் தௌவு, வயசில் பெரியவர், கை தட்டிக் கேட்கிறார், கால் கண்முன்னால் வீங்கிக் கிடக்கிறது. அவள் குனிந்தாள். முடிந்தது கதை என்று நினைத்தேன். குனிந்தவள் அப்படியே நின்று, நிமிர்ந்தாள்.

“இல்ல. தரமாட்டேன்.”

பின்வரிசையில் இருந்த எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இருவர் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். இலைட்டியா ஒரு நிமிஷம் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு, “சரி போ. உங்க தீவச் சுத்திக் கடல் வத்திப்போச்சுன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது” என்று சிரிக்கப் பார்த்தார். வேறு நேரமாக இருந்தால் இவள் ஒன்றுக்கு மூன்றாகத் திருப்பிக் கொடுத்திருப்பாள். இப்போது குனிந்து பாவாடையைச் சாக்ஸ்மேல் இழுத்துவிட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அதன்பிறகு லோசாவால் உட்கார முடியவில்லை. எழுந்தாள், வால்பக்கம்வரை நடந்தாள், திரும்பி வந்தாள், உட்கார்ந்தாள், உடனே எழுந்தாள். தண்ணீர் வாங்கி வந்து அவரை எழுப்பிக் குடிக்கவைத்தாள், தானும் குடித்தாள். தன் பையை அவர் காலுக்கு அடியில் முட்டுக்கொடுத்தாள். மறுபடி நடந்தாள். தட்டுகளை எடுக்கிற பெண்ணுக்கு ஒத்தாசை செய்கிறேன் என்று போய்த் துரத்தப்பட்டு வந்தாள். எனக்குத் தலையே வெடித்துவிடும்போல இருந்தது.

“ஒரு நிமிஷம் உக்காரேன்டி, மயக்கம் போட்டு விழுந்துறப்போற!”

“உக்காந்தா அவரு காலுதான் தெரியுது, ருக்கு.”

“நீ செஞ்சதுதான் சரி.”

“சரியா இருந்தா இங்க ஏன் இப்பிடி அடைக்குது?” என்று நெஞ்சைக் குத்திக் காட்டினாள். கண் கலங்கியிருந்தது. அவளை வாழ்நாள் முழுக்க இந்த ஒரு சொல்லுக்காகத் திட்டியவள் நான். சொன்னபிறகு அவளைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். “எந்திரிய்யா, மலப் பன்னி. உக்காந்தே அழுகப்போறியா? நட!” அந்த மலையும் இந்த அண்டாவும் முன்னும் பின்னுமாக நடைபாதை முழுவதையும் அடைத்துக்கொண்டு நடந்தார்கள். விளக்கு போட்டு, காலைச் சாப்பாடு கொடுத்து, வார் மாட்டச் சொல்லும்வரை நடந்தார்கள்.

லண்டனில் இறங்கியதும் முதல் பெஞ்சில் அவளை உட்காரவைத்தேன். சாக்ஸைக் கீழே தள்ளிக் கட்டைவிரலால் அழுத்தினேன். அழுத்தின இடம் உடனே மேலே வந்தது. அடுத்த காலும் அப்படித்தான். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து, முருகா என்று மூச்சு விட்டேன்.

அவள் அதற்குள் சாக்ஸை உருவ ஆரம்பித்துவிட்டாள்.

“ஏய், என்னடி பண்ற?”

“எறங்கியாச்சுல்ல? டாக்டரம்மா எறங்குறவரைக்கும்தான சொன்னாங்க?”

“திரும்பிப் போறப்போ?”

“அது வர்றப்போ பாத்துக்கலாம்.” இலைட்டியா முன்னால் போய் இரண்டு கையிலும் நீட்டினாள். அவர் பின்வாங்கினார். “வேணாம் தங்கச்சி, நான் சும்மா கேட்டேன்.”

“சும்மா கேட்டியா? என்னை இவ்ளோ தூரம் நடக்க வச்சுட்டு சும்மாங்கிற! வாங்காமப் போனா உங்க ஊர்ல ஆம்பளையே இல்லன்னு தீவு பூராச் சொல்லுவேன்.”

அவர் வாங்கிக்கொண்டார். அந்தத் தூண் காலில் அதை ஏற்ற மூன்று பேரும் மல்லுக்கட்டினோம்.

வெளியே கெலேரா வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றாள். நல்ல குளிர். பாவாடைக்குக் கீழே அம்மாவின் வெறுங்காலைத்தான் அவள் முதலில் பார்த்தாள். முகம் மாறிப்போயிற்று.

“அம்மா! சாக்ஸ் எங்க?”

“கேட்டாங்க.”

கெலேரா என் பக்கம் திரும்பினாள். நீங்கள் கூட இருந்துமா என்று அந்தக் கண் கேட்டது.

“கால் நல்லாத்தான் இருக்கு, பயப்படாத” என்றேன். “விமானத்துல வச்சுக் கேட்டாங்க. தரமாட்டேன்னு சொல்லிட்டா உங்கம்மா.”

கெலேரா நம்பவில்லை. “அம்மாவா?”

லோசா குற்றம் செய்தவள்மாதிரி தரையைப் பார்த்தாள். “உன்கிட்ட வந்து சேரணுமில்ல” என்றாள்.

அந்தப் பெண் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, போகிற வருகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி அழுதாள்.