எமகண்டத்தில் ஏறிய நீலப் பை

காலை 8.50, சங்கரன்கோவில். எங்கள் திருநெல்வேலிப் பயணம் இந்த நிமிடத்தில் தொடங்கியது. நான் அப்போது கைலியில் இருந்தேன். மகள் கோமதி தலை பின்னிக்கொண்டிருந்தாள். புறப்பட்டது ஒரு பை மட்டும்தான்.

அன்று செவ்வாய்க்கிழமை. ஒன்பதிலிருந்து பத்தரை வரை எமகண்டம். எங்களுக்கோ 9.20 பேருந்து. இப்படிப்பட்ட இக்கட்டுக்கென்றே ஒரு வழி உண்டு. நல்ல நேரத்தில் ஒரு பையைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், பயணம் அப்போதே கிளம்பிவிட்டதாகக் கணக்கு. பிறகு போகிறபோது அதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். எமன் ஏமாந்து நிற்பான்.

எந்தப் பையை வைப்பது? முக்கியமானதை வைத்தால்தானே பலன் அதிகம்! மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முந்தின நாள் வாங்கிய டி.சி. எல்லாம் இருந்த நீலப் பையை எதிர்வீட்டு பாக்கியத்திடம் கொடுத்தேன்.

“டி.வி. பக்கத்துல வைக்கேன் அண்ணாச்சி. போகையில மறக்காம எடுத்துக்கிடுங்க.”

“நானா மறப்பேன்?” என்றேன். அந்தக் குரலை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

பயணத்தின் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை மாதம் முன்பு கோமதியை உள்ளூர்க் கல்லூரியில் பி.காம். சேர்த்தேன். பாடத்தைப் பார்த்துச் சேர்க்கவில்லை. என் பாத்திரக்கடை வாசலில் நின்றால் அவள் வருவதும் போவதும் தெரியும், அதற்காகச் சேர்த்தேன். அவள் கேட்டது புவியியல். பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் காத்திருப்போர் பட்டியலில் இருந்தாள். சனிக்கிழமை அங்கிருந்து போன் வந்தது. ஒரு இடம் காலியாகியிருக்கிறது, செவ்வாய் மதியம் ஒரு மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு வந்தால் தருவோம், இல்லையென்றால் அடுத்த ஆள். திங்களன்று உள்ளூர்க் கல்லூரியில் டி.சி. வாங்கிவிட்டோம். ஆக, அன்று காலை என் மகள் எந்தக் கல்லூரியிலும் இல்லாதவள்.

வீட்டில் என் மனைவி மகளுக்குச் சொன்ன புத்திமதி ஒன்றே ஒன்றுதான்: “அப்பாவைப் பாத்துக்கோட்டி.”

9.10. ஆட்டோ ஹாரன் அடித்த அவசரத்தில் ஓடிப்போய் ஏறி, பேருந்தையும் பிடித்தோம். திருநெல்வேலிக்கு ஐம்பத்தாறு கிலோமீட்டர், ஆளுக்கு நாற்பத்தைந்து ரூபாய். விடுதிக்கு வேண்டிய துணிப்பெட்டி, தலையணை, கடையிலேயே பெரிதாகப் பார்த்து எடுத்த பச்சை பக்கெட், அதற்குள் மிக்சர் டப்பா. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

பனவடலிசத்திரத்தில் பேருந்து நின்றபோது கோமதி கையை நீட்டினாள். “அந்த நீலப் பையைக் குடுங்கப்பா. எல்லாத்தையும் போன்ல போட்டோ எடுத்து வைக்கணும்.”

பக்கெட்டைப் பார்த்தேன். பெட்டியைப் பார்த்தேன். பக்கத்து சீட்டுக்காரரின் மடியைக்கூடப் பார்த்தேன்.

“அது... நமக்கு முன்னாடியே கிளம்பிட்டு மக்கா.”

“எங்க?”

“பாக்கியம் அத்தை வீட்டுக்கு.”

வியர்வை எங்கிருந்தெல்லாம் வரலாம் என்று அன்று அறிந்துகொண்டேன். பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு படியை நோக்கிப் பாய்ந்தேன். இறங்கி, திரும்பிப் போய், பையை எடுத்து, மறுபடி வந்து... மனம் கணக்குப் போட்டது. கால் படியிலேயே நின்றது.

“அண்ணாச்சி, இறங்குதீயளா, உக்காருதீயளா? விசில் அடிக்கணும்,” என்றார் கண்டக்டர்.

“அவரு உக்காருவாரு, நீங்க அடிங்க,” என்றாள் கோமதி. என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்து உட்காரவும் வைத்தாள்.

பிறகு பாக்கியத்துக்குப் போன் போட்டாள். பாக்கியம் நைட்டி தைக்கிற வேலைக்குக் கிளம்பி, கதவைப் பூட்டித் தெருமுனைக்குப் போயிருந்தாள். திரும்பி ஓடினாள். போனில் அவள் சத்தம் எனக்கே கேட்டது.

“ஏட்டி, ஒங்கப்பா வேணாமின்னுதான் விட்டுட்டுப் போனாருன்னு நெனச்சேன்! இரு, அடுத்த பஸ்ல கண்டக்டர் கையில குடுத்து விடுதேன்.”

பத்து மணிப் பேருந்தில் பை ஏறியது. எமகண்டத்துக்குத் தப்பிக்கவென்று நான் ஒளித்துவைத்த பை, எமகண்டத்தின் நட்டநடுவில் தன்னந்தனியாகப் புறப்பட்டது.

தேவர்குளம் தாண்டியதும் இருபுறமும் காற்றாலைகள். என் மூச்சு சீராகட்டும் என்றோ என்னவோ, கோமதி பேச ஆரம்பித்தாள். “இங்கன மட்டும் ஏன் இத்தனை காத்தாடி நிக்கி, தெரியுமா? மேக்க மலையில செங்கோட்டைப் பக்கம் ஒரு கணவாய் இருக்கு. கேரளாவுல அடிக்கிற காத்து அந்த இடைவெளி வழியா நெருக்கியடிச்சு இங்க வருது...” அவள் இன்னும் சொன்னாள். என் காதில் பாதிதான் விழுந்தது. மீதிப் பாதியில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

10.55, திருநெல்வேலி புதிய பேருந்து நிலையம். இங்கே அவள் ஒரு முடிவு எடுத்தாள். “நான் முன்னாடி போயி ஆபீஸ்ல விவரம் சொல்லி நிக்கேன். நீங்க பையை வாங்கிட்டு வாங்க.”

“தனியாவா? வழி தெரியுமா?”

“புவியியல் படிக்கப் போறவகிட்ட வழி கேக்கீயளேப்பா!”

பெட்டி, தலையணையோடு ஆட்டோவில் ஏறிப் போயே விட்டாள். கடை வாசலில் நின்று கண்ணுக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்க நினைத்த பெண், நகரத்து நெரிசலில் ஒரு நிமிடத்தில் மறைந்தாள். நான் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். நல்ல பக்கெட். தாங்கியது.

பத்து மணிப் பேருந்து 11.50க்குத்தான் வந்தது. அதற்குள் அது மானூரில் பஞ்சர் ஆகியிருக்கும் என்றும், பை வேறு ஊருக்குப் போயிருக்கும் என்றும், பாக்கியம் தவறிப்போய்த் தன் நைட்டிப் பையைக் கொடுத்திருப்பாள் என்றும் முறைப்படி பயந்து முடித்திருந்தேன். கண்டக்டர் பையைத் தூக்கிப் பிடித்தார்.

“உள்ள என்ன இருக்குன்னு சொல்லுங்க, தாரேன்.”

“என் மக இருக்கா,” என்றேன். நிலையத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவசரமாக டி.சி. என்று திருத்தினேன்.

ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். பேரம் பேசவில்லை. என் வாழ்நாளில் இது புதிது. கல்லூரி வாசலில் காவலாளி என்னையும் பக்கெட்டையும் ஏற இறங்கப் பார்த்தார்.

“யாவாரம்லாம் வெளியில வச்சுக்கிடுங்க அண்ணாச்சி.”

பக்கெட்டை அவரிடமே அடகு வைத்துவிட்டு ஓடினேன். அலுவலக வராந்தாவில் கோமதி ஒரு பெண்ணோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அவள் கடையநல்லூர்க்காரி, பெயர் சாஜிதா. அதே வகுப்பு.

“அங்கிள், பையை மட்டும் முன்னாடியே பயணம் அனுப்பினது நீங்கதானா?” என்றாள் சாஜிதா. என் புகழ் எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

12.35க்குச் சான்றிதழ்களைச் சரிபார்த்தார்கள். பணம் கட்டினோம். இடம் கிடைத்துவிட்டது. மகிழ்ச்சி ஒரு நிமிடம் நீடித்தது. அப்புறம் சுவர்க் கடிகாரம் கண்ணில் பட்டது. செவ்வாய், பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை குளிகை!

“குளிகையில செஞ்சது திரும்பத் திரும்ப நடக்கும்பாங்களே! அப்போ மூணாவது ஒரு காலேஜா?” என்று அலறினேன்.

கோமதி ரசீதை மடித்துப் பைக்குள் வைத்தாள். “ஆமாப்பா. எம்.ஏ.வுக்கு. அப்போ பையை நான் வச்சுக்கிடுதேன்.”

பக்கெட்டை மீட்டு, அவளை விடுதியில் விட்டுவிட்டுத் திரும்பும்போது வாசல்வரை வந்தாள். பத்திரம், சாப்பிடு, போன் பண்ணு என்று நான் சொல்ல வைத்திருந்த எல்லாவற்றையும் அவளே என்னிடம் சொல்லிவிட்டாள்.

3.20க்குச் சங்கரன்கோவில் பேருந்து. ஏறி உட்கார்ந்து, மானூர் தாண்டிய பிறகுதான் நினைவு வந்தது, ராகு காலத்தில் புறப்பட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டில் வைக்கப் பையும் இல்லை, பக்கத்து வீடும் இல்லை. பேருந்து என்னவோ ஒழுங்காகத்தான் ஓடியது.

தேவர்குளம் நெருங்கும்போது, ஜன்னலோரம் இருந்த வெளியூர்க்காரர் காற்றாலைகளைக் காட்டி, “இங்க மட்டும் ஏங்க இவ்வளவு இருக்கு?” என்றார்.

நிமிர்ந்து உட்கார்ந்தேன். “மேற்கே செங்கோட்டைப் பக்கம் ஒரு கணவாய் இருக்கு. கேரளாக் காத்து அது வழியா நெருக்கியடிச்சு வருது...” எனக்கு வந்த பாதியைக் கம்பீரமாகச் சொன்னேன்.

“அப்புறம்?”

“மீதி மூணு வருசம் கழிச்சுச் சொல்லுதேன்.”

“நீங்க வாத்தியாரா?”

“இல்ல,” என்றேன். “பாத்திரக்கடை. என் மக புவியியல் படிக்கா.”