மாலை போட்ட அண்ணனும் யாரும் கேட்காத கேள்வியும்

இரண்டு மூன்று வருடங்களுக்கு முன்னால், ஒரு கார்த்திகை மாதத் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. என் அண்ணன் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். காலையில் ஷூவைப் பளபளவென்று துடைத்து வைக்கும் பழக்கத்தையும் சாயங்காலம் ரம் பாட்டிலைத் திறக்கும் பழக்கத்தையும் அங்கிருந்தே கொண்டு வந்திருந்தார். முதல் பழக்கம் சீக்கிரமே போய்விட்டது. இரண்டாவது, விடிந்ததுமே தொடங்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது.

“நிறுத்து, நிறுத்து” என்று அவரிடம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. மாமா சொன்னார், டீக்கடைக்காரர் சொன்னார், குடித்துவிட்டு வந்த சித்தப்பா கூடச் சொன்னார். எப்படி நிறுத்துவது என்று சொல்லத்தான் ஒருத்தருமில்லை.

அந்த வருடம் அண்ணனே மனசு வந்து சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டார். எங்கள் பக்கம் பலருக்குக் குடியை விடத் தெரிந்த ஒரே வழி அதுதான். முந்தின நாள் வரை குடித்துக்கொண்டிருந்தவர், கார்த்திகை முதல் தேதி பச்சைத்தண்ணீரில் குளித்து, கறுப்பு வேட்டி கட்டி, குருசாமி கையால் மாலை வாங்கிக்கொண்டு நின்றார். அவர் மனைவி, என் மதினி, அழுதேவிட்டார். நான் தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற யூனிட்டில் வேலை பார்க்கிறேன். அன்று அங்கே எல்லாருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மறுநாள் அவருக்குக் கை நடுங்கியது. விடியற்காலைக் குளியல் ஒத்துக்கொள்ளவில்லை என்றோம். வியர்த்துக் கொட்டியது. விரதம் என்றோம். பொட்டுத் தூக்கம் இல்லை. பக்தி என்றோம். அதற்கடுத்த நாள் காலையில் பூஜைக்கு வீடு நிறைய ஆட்கள் கூடியிருந்தபோது, அண்ணன் சுவரைப் பார்த்து யாருடனோ பேச ஆரம்பித்தார். இல்லாத எறும்பைக் கையிலிருந்து தட்டிவிட்டார். உடம்பே உதறியது.

“சாமி எறங்கிருச்சுப்பா!” என்றார் குருசாமி.

அவ்வளவுதான். சரணக் கோஷம் கூரையைப் பிய்த்தது. வரிசையாக அண்ணன் காலில் விழுந்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா, தன் மகள் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டு குனிந்தார். அண்ணன் அவர் தலையில் ஊர்ந்த இல்லாத எறும்பையும் தட்டிவிட்டார். ஆசீர்வாதம் கிடைத்துவிட்டது என்று அந்த அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் கண்ணைப் பார்த்தேன். அதில் சாமி இல்லை, பயம்தான் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். “செத்த நேரம் பொறும்மா, ஆரத்தி முடியட்டும். மாலை போட்ட சாமிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனா தெய்வக் குத்தமாயிரும்” என்றார் குருசாமி. ஆரத்தி முடிவதற்குள் அண்ணன் மரம் சாய்வது போலக் கீழே விழுந்தார். கண் செருகி, வாயில் நுரை தள்ளியது. குருசாமிதான் முதலில் ஓடிவந்து காலைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்.

ராஜபாளையத்தில் நாங்கள் போன முதல் ஆஸ்பத்திரியில், “குடிக்கிறவரா?” என்று கேட்டார்கள். மதினிக்கு வந்ததே கோபம்! “களுத்துல மாலை கெடக்கது தெரியலையா? அவிய ஒரு சொட்டுத் தொடுறதில்ல!” என்றார். அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. மாலை போட்ட பிறகு அண்ணன் தொடவில்லைதானே? “சுத்தமான சாமிங்க” என்று குருசாமி வேறு சாட்சி சொன்னார். குடியைத்தான் விட்டாயிற்றே, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றுதான் எனக்கும் பட்டது. கேட்டவரும் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

ஒருவர் காக்காய் வலிப்பு என்றார். ஒருவர் மூளைக் காய்ச்சல் என்றார். இன்னொருவர், “மனசு சம்பந்தப்பட்டதா இருக்கும், அதுக்கு இங்க ஆள் இல்ல” என்றார். அன்று முழுக்க நான் கேட்ட வார்த்தை இந்த ‘ஆள் இல்ல’தான். கடைசியில், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் இதற்கெல்லாம் பயிற்சி எடுத்த நர்ஸ் இருக்கிறார், அங்கே கொண்டு போங்கள் என்றார்கள்.

போனோம். நர்ஸ் இருந்தார். ஆனால் கண் வார்டில் இருந்தார்.

“இதுக்குப் படிச்சவங்களக் கண் வார்டுல எதுக்குப் போட்டீங்க?” என்று கேட்டேன்.

“அங்க ஆள் இல்லம்மா.”

அதற்குள் அண்ணனுக்கு இரண்டாவது தடவை வலிப்பு வந்தது. மதினி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, “சாமி, சாமி” என்கிறார். கூப்பிடுவது புருஷனையா கடவுளையா என்றே தெரியவில்லை. நான் போட்ட சத்தத்தில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. சத்தம் போடக்கூடாது என்று சொல்வதற்கு மட்டும் உடனே ஓர் ஆள் வந்தார். நல்லவேளை, சத்தம் கேட்டு இளவயது டாக்டர் ஒருவரும் வந்தார். பார்த்ததும் கண் வார்டுக்குப் போன் போட்டார். கையில் சொட்டு மருந்துப் புட்டியோடு அந்த நர்ஸ் படியிறங்கி ஓடிவந்தார்.

அண்ணன் கையைத் தொட்டுப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். குடிப்பாரா என்று கேட்கவே இல்லை. மதினி தோளில் கை வைத்து, “குடிய எப்ப நிறுத்துனாரு?” என்று கேட்டார்.

மதினியின் வீராப்பெல்லாம் அந்த ஒரு கேள்வியில் கரைந்துவிட்டது. “மாலை போட்ட அன்னைக்குத்தான்மா. அதுக்கு மொத நாள் வரைக்கும் முழு பாட்டில்” என்று விம்மினார்.

டாக்டரும் நர்ஸும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மளமளவென்று ஊசிகள் ஏறின. உதறல் மெல்ல அடங்கியது. பிறகுதான் நர்ஸ் எங்களிடம் சொன்னார்: “இது சாமியும் இல்ல, பைத்தியமும் இல்ல. வருசக்கணக்கா குடிச்ச ஒடம்பு, சட்டுனு நிறுத்துனா இப்படித்தான் ஆடும். கவனிக்காம விட்டா உயிரே போயிரும்.”

“அப்ப நிறுத்துனது தப்பாம்மா?” என்று கேட்டார் மதினி.

“நிறுத்துனது ரொம்பச் சரி. வைத்தியம் இல்லாம நிறுத்துனதுதான் ஆபத்து.”

அண்ணனுக்குத் தெளிவு வர நாட்கள் ஆயின. ஒரு காலையில் என்னைப் பார்த்து, “ஏட்டி, தைக்கப் போகலையா?” என்றார். நான் போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன்.

அந்த நர்ஸுக்கு என்னைவிடக் கோபம் இருந்தது. “என்னைய மாசக்கணக்கா பயிற்சிக்கு அனுப்புனாங்க. திரும்பி வந்தா கண் வார்டு. கேட்டா ‘ஆள் இல்ல’ங்குறாக. இந்தக் கார்த்திகையில நான் பாக்குற மொத மாலை இது இல்லக்கா. எல்லாரும் உயிரோட இங்க வந்து சேரவும் இல்ல” என்றார்.

வாசலில் செருப்பில்லாமல் நின்றிருந்த குருசாமியிடம் திரும்பினார். “சாமி, மாலை போட வாரவங்ககிட்ட என்ன கேப்பீங்க?”

“எத்தனாவது மலைன்னு கேப்பேன்மா.”

“இனிமே குடியப் பத்தியும் கேளுங்க. அசிங்கப்படுத்தாம, தனியாக் கூப்பிட்டுக் கேளுங்க. தெனமும் குடிக்கிறவர்னா மொதல்ல டாக்டர், பொறவு மாலை.”

பெரிய மனிதர், கை கூப்பினார். கூப்பியதோடு நிற்கவில்லை. அடுத்த வருடம் ஐப்பசியிலேயே தெரிந்த குருசாமிகளை எல்லாம் ஒரு மண்டபத்தில் உட்கார வைத்து, அந்த நர்ஸை அவருடைய லீவு நாளில் வரவழைத்துப் பேசச் சொன்னார். நடுக்கம் எப்போது அருள், எப்போது ஆபத்து என்று பெரிய வாக்குவாதமே நடந்தது. எப்படி நடுங்கினாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள், அருளாக இருந்தால் அங்கேயும் வரும் என்று நர்ஸ் சொன்னதும்தான் அடங்கினார்கள்.

அண்ணன் நடுவில் ஒருமுறை சறுக்கினார். மறுபடி அதே நர்ஸைத் தேடிப் போய், மருந்தோடு நிறுத்தினார். இப்போது கார்த்திகை வந்தால் குருசாமி பக்கத்திலேயே நின்று, மாலை போட வருகிறவர்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிறார். அந்த நர்ஸை மறுபடி மாற்றிவிட்டார்கள். கூமாப்பட்டிப் பக்கம் தடுப்பூசி போட்டுக்கொண்டிருக்கிறாராம். அவர் இடத்துக்கு யார் என்று போய்க் கேட்டேன். என்ன பதில் வந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

என் அண்ணன் குடியை விட்டு உயிரோடு இருப்பதற்கு, கண் வார்டில் இருந்து ஒரு பெண் ஓடிவர வேண்டியிருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நன்றியும் கோபமும் சேர்ந்தே வருகின்றன. நன்றியை அவரிடம் நேரில் சொல்லிவிட்டேன், கோபத்தை யாரிடம் போய்ச் சொல்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை.