விளக்கு அணைந்தால் புறப்படுகிறவர்

வெள்ளிக் கோப்பையால் உப்பை அள்ளி, வாசற்படியிலிருந்து கார்க் கதவு வரைக்கும் தூவிக்கொண்டே பின்பக்கமாக நடக்கிறார் அடெலினோ. காலை ஆறு மணி கடந்து பத்து நிமிடம். ஜெர்மனியின் ஹொக்கன்ஹைமில் முதல்நாள் கொட்டிய பனி இறுகி, தெரு கண்ணாடி மாதிரிக் கிடக்கிறது. தூவி முடிந்ததும் அந்தப் பாதையில் தானே ஒருதரம் நடந்து பார்ப்பார். அவருடைய சப்பாத்தின் அடி அப்பளம்போல மெல்லியது. நிலத்தில் ஒரு அரிசி கிடந்தாலும் காலுக்குத் தெரிய வேண்டும் என்பார். நடந்து வந்து, "ப்ரொந்தோ" என்று ஒரு சொல். எல்லாம் ஆயத்தம் என்று அவருடைய பாஷையில் அர்த்தம். அந்தச் சொல் வந்த பிறகுதான் குணேஸ்வரி படியிலிருந்து கால் எடுத்து வைக்கலாம்.

குணேஸ்வரிக்கு ஐம்பத்து நான்கு வயது. இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதை நிறுத்திவிட்டன. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் வால்டோர்ஃபுக்குப் போய், நாலரை மணி நேரம் மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு திரும்ப வேண்டும். ஏற்றி இறக்குவதற்கு டாக்ஸிக் கம்பனி ஒன்று ஆள் அனுப்புகிறது. இரண்டு வருடமாக அந்த ஆள் அடெலினோதான். போர்த்துக்கல்காரர்.

இருவரும் பேசிக்கொள்வது ஜெர்மன். இருவருக்கும் அது இரவல் மொழி. அதனாலோ என்னவோ, அவர் பேசுவது அவள் காதில் ஊர்த் தமிழாகவே விழும். 'ஃப்ராவ்' என்ற மரியாதைச் சொல் மட்டும் ஜெர்மனாகவே நிற்கும்.

கோப்பையை முதன்முதல் கண்டபோது அவள் படியிலேயே நின்றுவிட்டாள். இரண்டு பக்கமும் பிடி வைத்த, பளபளப்பான பாத்திரம். அவர்களுடைய தேவாலயத்துச் சாமானாக்கும் என்று நினைத்துவிட்டாள்.

"அண்ணை, கோயில் பாத்திரத்திலை உப்பு அள்ளலாமே? பாவமெல்லே?"

அவர் கோப்பையைத் திருப்பி, அடியில் வெட்டியிருந்த எழுத்தைக் காட்டினார்.

"கோயில் இல்லை, ஃப்ராவ் குணா. மூண்டாம் இடம். முதலாம் இடமெண்டால் வீட்டிலை வைச்சுத் துடைக்கலாம். மூண்டாம் இடத்துக்கு உப்புத்தான்."

எதில் மூன்றாம் இடம் என்று அவளுக்கு விளங்கவில்லை. விளக்கியவன் மேல்மாடியில் குடியிருக்கும் பாஸ்கரன். இந்தியப் பிள்ளை, வால்டோர்ஃபில் கம்ப்யூட்டர் வேலை. ஒருநாள் படியில் மறித்து, "அக்கா, உங்க டாக்ஸி டிரைவர் யாருன்னு தெரியுமா? ரேஸ் டிரைவர் அக்கா! பழைய வீடியோ எல்லாம் நெட்ல கிடக்கு" என்று போனை நீட்டினான். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். மஞ்சள் நிறத்தில் தட்டையாக ஒரு கார். அதன் விலாவில் பெரிய மீன் ஒன்று வரைந்திருந்தது.

"இதென்ன தம்பி, மீன் ஓடுது?"

அன்றிலிருந்து போகும்போது ஒரு துண்டும் வரும்போது ஒரு துண்டுமாக அவருடைய சீவியத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கால்மணி நேர ஓட்டத்துக்கு ஒரு துண்டுதான் கிடைக்கும்.

அவருடைய தகப்பன் கடலோர ஊர் ஒன்றில் டயருக்கு ஒட்டுப் போடுகிறவர். மகன் பதினொரு வயதில், புல்லு வெட்டும் மெஷினின் எஞ்சினைப் பூட்டிய குட்டி வண்டியில் தொடங்கினான். இருபதில் ஒற்றை இருக்கைக் கார். சாளை மீனை டின்னில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்று அவரைத் தாங்கியது. மீன் படம் அதற்காகத்தான். பிறகு ஜெர்மனி. பிறகு சீனக் கரையில், முந்திப் போர்த்துக்கல் ஆண்ட மக்காவ் என்ற ஊரின் தெருக்களில் ஓடினார். அங்கே தெருப் பெயரெல்லாம் அவருடைய பாஷையில் எழுதியிருக்கும், பேசுவதற்குத்தான் ஆள் இல்லை. "அங்கை மதிலிலை கொண்டுபோய் மோதினனான். என்ன தெருவெண்டு வாசிச்சுக்கொண்டே மோதினனான்" என்று சொல்லித் தானே சிரித்தார்.

மீன் தொழிற்சாலை மூடப்பட்டதும் ஒற்றை இருக்கைக் காரும் போயிற்று. கதவு வைத்த கார்களில் ஓடினார். லொறி ரேஸ் ஓடினார். பாலைவன ஓட்டத்தில் மற்றவர்களுக்கு டயர் சுமந்து போகும் லொறியை ஓட்டினார். டயர்க் கம்பனி ஒன்றுக்காக ஒரே வட்டத்தை எட்டு மாதம் சுற்றினார், சத்தம் அளப்பதற்கு. தொலைக்காட்சித் துப்பறியும் தொடர் ஒன்றில், நடிகைக்குப் பதிலாகச் சிவப்புத் தலைமயிர் வைத்துக்கொண்டு காரை ஆற்றுக்குள் விட்டார். அந்தத் தொடரைக் குணேஸ்வரி ஒரு கிழமையும் தவறவிட்டதில்லை.

"அந்தப் பொம்பிளை நீங்களோ! ஐயோ, நான் அண்டைக்கு உங்களுக்காக அழுதனான்!"

"நானும்தான். தண்ணி சரியான குளிர்."

இத்தனையிலும் எது கஷ்டம் என்று அவள் ஒருநாள் கேட்டாள். அவர் அடுத்த சந்தியில் காரை மெல்ல நிறுத்தினார். பிறகு, "இது" என்றார். "கெதியாப் போக ஆரும் பழகலாம். நிக்கிறது தெரியாமல் நிக்க வேணும். அதுக்கு எனக்கு நாப்பது வருசம் பிடிச்சது."

அவர் சொன்னது உண்மையென்று அவளுடைய உடம்புக்குத் தெரியும். மெஷினிலிருந்து எழும்பும்போது ஆள் பிழிந்துபோட்ட சீலை மாதிரி இருப்பாள். முந்தி வந்த ஓட்டுநர்களோடு ஒவ்வொரு வளைவிலும் குடல் தொண்டைக்கு வரும். ஒருநாள் மடியிலேயே சத்தி எடுத்துவிட்டாள். ஓட்டுநர் ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியை இறக்கினார். பேச்சு வாங்கியிருந்தாலும் இவ்வளவு வெட்கமாக இருந்திராது. அடெலினோவோடு அப்படியில்லை. கண்ணை மூடியிருந்து திறந்தால் கார் நிற்கும். எப்போது நின்றது என்று சொல்ல ஏலாது. ஒருவரைத் தாங்குவதற்குக் கடவுள் இன்னொருவரின் காலைப் பாவிக்கிறார் என்று அவள் நினைத்துக்கொள்வாள். மூன்று நாளும் சாமி விளக்குக் கொளுத்தும்போது அந்தக் காலுக்காகவும் ஒருதரம் கும்பிடுவாள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஆரம்பத்தில் இருவருக்கும் சரிவரவில்லை. பாதை மாறாது என்று தெரிந்தும், பகிடியாகத் தினமும் "எங்கை போவம், ஃப்ராவ் குணா?" என்று கேட்பார். அவள் இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் சொல்லிவிட்டாள்.

"புறப்படேக்கை எங்கை எண்டு கேக்கக்கூடாது அண்ணை. போற காரியம் சரிவராது."

அவர் சிரிக்கவில்லை. ரேஸ்காரருக்கும் இதெல்லாம் உண்டாம். அவர் காரை முன்பக்கத்தால் மட்டும் சுற்றிப்போய் ஏறுவார், ஒருநாளும் பின்பக்கத்தால் போகமாட்டார். ரேஸுக்குப் புறப்படும்போது தாய் ஒரு வார்த்தை சொல்லமாட்டா. முகத்தை மற்றப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு தோடம்பழம் உரிப்பாவாம்.

"அப்ப உங்கடை ஆக்கள் என்ன சொல்லிப்போட்டு வெளிக்கிடுறவை?"

"போட்டு வாறன் எண்டு சொல்லுறது. போறன் எண்டு மட்டும் சொல்லக்கூடாது."

அதை அவர் நாலுதரம் வாய்க்குள் உருட்டிப் பார்த்துப் பழகிக்கொண்டார். அன்றிலிருந்து வால்டோர்ஃபில் அவளை இறக்கிவிட்டதும், அங்கே நிற்கும் ஜெர்மன்காரர் திரும்பிப் பார்க்க, "போட்டு வாறன்" என்பார். சொன்னபடி பன்னிரண்டு பத்துக்கு வாசலில் நிற்பார்.

போன ஐப்பசியில் அவருக்கு அறுபது முடிந்தது. அந்த வயதுக்குப் பிறகு ஆட்களை ஏற்றி ஓடுவதென்றால் அனுமதிப் பத்திரத்தைப் புதுப்பிக்க வேண்டும். கண் சோதனை, டாக்டர் சோதனை, அதற்குமேல் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருத்திவைத்துக் கையும் காலும் எவ்வளவு கெதியாக வேலை செய்கின்றன என்று ஒரு சோதனை. ரேஸ் ஓடினவருக்கு இதென்ன பெரிய காரியம் என்று குணேஸ்வரி அதை மறந்தே போனாள். பிறகு ஒரு திங்கட்கிழமை, இரண்டு வருடத்தில் முதன்முதலாக, அவர் திரும்ப வேண்டிய சந்தியில் திரும்பாமல் நேரே போனார்.

"அண்ணை, விட்டிட்டியள்."

"ஓம்." காரைத் திருப்பிக்கொண்டு சொன்னார். "சோதனை ஃபெயில்."

"கண்ணோ?"

"கண் நல்லம். காலும் கையும்."

திரையில் சிவப்பு விளக்கு எரியும். எரிந்தவுடன் பொத்தானை அழுத்த வேண்டும் அல்லது பெடலை மிதிக்க வேண்டும். அவ்வளவுதான் சோதனை. ஆனால் ரேஸில் விளக்கு நடப்பது வேறு மாதிரி. சிவப்பு ஒவ்வொன்றாக ஐந்து எரியும். எரியும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஐந்தும் அணைந்தவுடன் பாய வேண்டும். எரியும்போது அசைந்தவருக்குத் தண்டனை.

"அந்த அறையிலை சிவப்பு எரிஞ்சுது. என்ரை கால் நல்ல பிள்ளையா, அணையட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தது. பிழையெண்டு மூளைக்குத் தெரியும். காலுக்குத் தெரியேல்லை. சோதிக்கிற பொம்பிளை கேட்டா, நித்திரையோ எண்டு."

அவர் அதைப் பகிடிபோலத்தான் சொன்னார். ஆனால் ஸ்டியரிங்கில் பத்து விரலும் வெளிறும்படி இறுக்கிப் பிடித்திருந்ததை அவள் கண்டாள். இன்னொரு டெர்மின், மறுபடி சோதனைக்கு ஒரு நாள், கொடுத்திருந்தார்கள். அதிலும் தவறினால் பத்திரம் மாதக் கடைசியோடு முடியும். பிறகு கம்பனியின் பின்வளவில் மற்றவர்களின் கார்களைக் கழுவலாம்.

அன்று மெஷினில் படுத்திருந்தபோது அவளுடைய மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை. இனித் தன்னை யார் ஏற்றுவார்கள் என்பது ஒரு கவலை. அதை நினைத்தது சுயநலம் என்று இன்னொரு கவலை. அப்போது பக்கத்துக் கதிரைக்காரரின் மெஷினில் மஞ்சள் விளக்கு எரிந்தது. நேர்ஸ் லிசா குடித்துக்கொண்டிருந்த கோப்பியை வைத்துவிட்டு ஓடிவந்து, குழாயைச் சரிசெய்தா. விளக்கு அணைந்தது. லிசா திரும்பவும் கோப்பிக்குப் போய்விட்டா. குணேஸ்வரி அந்த விளக்கையே கனநேரம் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

திரும்பும்போது சொன்னாள். "அண்ணை, எங்கடை மெஷினிலை ஒரு மஞ்சள் லைற் இருக்கு. எரிஞ்சால் லிசா ஓடி வருவா. அணைஞ்சால் ஒருத்தரும் வரமாட்டினம். நீங்கள் அந்த ரேஸை விடுங்கோ. அங்கை லைற் எரியேக்கை, குணாவுக்கு ஏதோ செய்யுது எண்டு நினையுங்கோ."

அடெலினோ முன்னால் போன காரின் பிரேக் விளக்கைப் பார்த்தார்.

"எரிஞ்சால், குணா" என்றார் மெல்ல.

"ஓம். எரிஞ்சால், குணா."

டெர்மின் ஒரு புதன்கிழமை, ஹைடெல்பேர்க்கில், ஒன்பது மணிக்கு. அன்று காலை குணேஸ்வரி உப்புப் பாதையால் நடந்து வந்து, கைப்பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தாள். ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாளிடம் போய்வந்த பிறேமா அக்கா கொண்டுவந்து கொடுத்தது.

"முன் சில்லுக்குக் கீழை வைச்சு, மேலாலை ஏத்திப்போட்டுப் போங்கோ."

"எந்தச் சில்லு?"

"ரெண்டுக்கும் ஒவ்வொண்டு வைக்கிறது. கிடைச்சது ஒண்டுதான். அம்பாள் குறை நினைக்கமாட்டா."

அவர் பழத்தை வாங்கி மணந்து பார்த்தார். நிலத்துப் பனியைப் பார்த்தார். "ஐஸ், அதுக்கு மேலை எலுமிச்சம் புளி. ஃப்ராவ் குணா, என்னைச் சறுக்கி விழுத்தப் பாக்கிறியள்." சொல்லிவிட்டு, பழத்தை ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், முன்கண்ணாடியின் கீழ்த் தட்டில் வைத்தார். முட்டுக் கொடுக்க ஒன்றும் வைக்கவில்லை. வால்டோர்ஃப் போய்ச் சேரும் வரை பழம் ஒருதரம்கூட உருளவில்லை.

இறங்கும்போது, சோதனை நடக்கிற இடம் எங்கே என்று கேட்க அவளுக்கு வாய் உன்னியது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் காரை முன்பக்கத்தால் சுற்றிப்போய் ஏறி, "போட்டு வாறன்" என்றார்.

"பிரஷர் ஏன் இண்டைக்கு ஏறிக்கிடக்கு?" என்று லிசா கேட்டா.

"கார் ஓட்டுறவருக்குச் சோதனை."

"அவருக்குச் சோதனையெண்டால் உங்களுக்கு ஏன் பிரஷர்?"

குணேஸ்வரி சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள்.

பன்னிரண்டு பத்து. கார் வரவில்லை. பன்னிரண்டே கால். கையில் ஊசி குத்திய இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் இருந்தாள். அதே கம்பனியின் வேறு கார் ஒன்று வந்து நின்றது. தெரியாத ஒரு ஆள் இறங்கினார். தன்னைத்தான் கூப்பிடப் போகிறார் என்று நினைத்து அவள் எழும்பாமலே இருந்தாள். அவர் வேறு பெயரைக் கூப்பிட்டு, வேறு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனார். குணேஸ்வரி சின்ன வயதில் பாடமாக்கின தேவாரத்தை வாய்க்குள் தொடங்கினாள். பாதியில் நின்றது, மற்ற அடி வரவில்லை. திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினாள்.

பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு அவருடைய கார் வந்தது. இறங்கி, முன்பக்கத்தால் சுற்றி வந்தார். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"மன்னிக்க வேணும். அங்கை கடுதாசி அச்சடிக்கிற மெஷின் பழுது."

கதவைத் திறந்தார். ஊசி ஏறிய கையை அவள் மடியில் வைத்துக்கொள்ளும்வரை பார்த்திருந்து, பெல்ட்டை மெல்ல இழுத்துப் பூட்டிவிட்டார். திரும்பி வந்தவரிடம் கேட்கலாம், அதில் ஒரு தோஷமும் இல்லை. ஆனால் அவள் கேட்காமல் முன்கண்ணாடிப் பக்கம் பார்த்தாள். எலுமிச்சம்பழம் காலையில் வைத்த இடத்திலேயே இருந்தது.

ஊருக்கு வெளியே போகும் சந்தியில் சிவப்பு. கார் நின்றிருந்தது, எப்போது நின்றதென்று தெரியவில்லை. அவள் விளக்கைப் பார்க்கவில்லை, அவருடைய கையைப் பார்த்தாள். சிவப்பு அணைந்தது. கை அசையவில்லை. பச்சை எரிந்தது. அடெலினோ சுட்டுவிரலை நீட்டி, பொத்தான் அழுத்துவதுபோல, "எரிஞ்சால், குணா" என்று எலுமிச்சம்பழத்தை ஒரு அழுத்து அழுத்தினார்.