வண்டியின் முன்னால் ஒரு ஃபிளெக்ஸ்

வண்டி வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. சீட்டின் மேல் இருந்த பிளாஸ்டிக் உறையைக் கிழிக்க அம்மாவுக்கு இன்னும் மனசு வரவில்லை. அந்த வண்டியில்தான் தங்கையை மணப்பெண்ணாக அம்மாவோடு உட்காரவைத்து, விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்து மண்டபத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன்.

முந்தின நாள் சாயங்காலமே மாப்பிள்ளையின் நண்பர்கள் ஒரு ஃபிளெக்ஸோடு வந்து இறங்கிவிட்டார்கள். எங்கள் பக்கம் காதுகுத்துக்கும் ஃபிளெக்ஸ், கருமாதிக்கும் ஃபிளெக்ஸ். கல்யாணத்தை விடுவார்களா? ஹெட்லைட்டையும் நம்பர் பிளேட்டையும் மட்டும் பெரிய மனசு பண்ணி விட்டுவிட்டு, லாரிக்குத் தார்ப்பாய் கட்டுகிற மாதிரி பானெட்டுக்குக் கீழே வண்டியின் முன்பக்கம் முழுவதையும் இழுத்துக் கட்டினார்கள். நடுவில் முறம் அகலத்துக்குக் கூலிங் கிளாஸ் போட்ட மாப்பிள்ளை முகம். ஓரத்தில் பாஸ்போர்ட் போட்டோ சைஸில் என் தங்கை. எனக்கு எரிச்சலான எரிச்சல். சம்பந்தி வீட்டு விஷயம் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டினதும் ஏசியில் சூடான காற்று வந்தது. கொஞ்ச தூரத்தில் எஞ்சின் சூடு காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. ஓரங்கட்டி பானெட்டைத் தூக்கினால் முகத்தில் அனல் அடித்தது. சொந்தக்காரர்களின் வேன் முன்னாலேயே போய்விட்டது.

தங்கை அழுதிருந்தால்கூடத் தேவலை. முகம் வெளுத்துப்போய், "அவ்ளோதாண்ணா" என்றாள். காரணம் இருந்தது. முன்பு அவளுக்குக் கூடிவந்த ஒரு சம்பந்தம், தட்டு மாற்றும்போது கரண்ட் போனதால் நின்றுபோனது. சகுனம் சரியில்லையாம். இப்போது கல்யாண வண்டியே நடுவழியில் நிற்கிறது. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்?

"யார் கேட்டாலும் டிராஃபிக்குன்னு சொல்லுடா," என்றாள் அம்மா. "வண்டி நின்னுப்போச்சின்னு மூச்சு வுடாத."

வண்டிக் கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். "ரேடியேட்டர் மூடியத் தொறந்துடாதீங்க சார், சுடுதண்ணி மேல அடிச்சிடும். கூலன்ட் டப்பாவுல கோட்டுக்கு மேல இருக்குதான்னு வெளியிலேருந்தே பாருங்க," என்றார் ஒருவர். இருந்தது. "ரேடியேட்டருக்கு முன்னாடி எதனா மறைச்சிக்கினு இருக்குதா?"

குனிந்து பார்த்தேன். "மாப்பிள்ளைதாங்க இருக்காரு."

"அவரக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க சார். காத்து வரணும்."

சீர்வரிசைத் தட்டில் இருந்த பாக்குவெட்டியை எடுத்து நைலான் கயிறுகளை வெட்டினேன். மாப்பிள்ளையைச் சுருட்டி டிக்கியில் போட்டோம். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்தோம். பிறகு சாவியைத் திருப்பினேன். வண்டி கிளம்பியது, சிவப்பு விளக்கு வரவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஏசி போடாமல், கண்ணாடியை இறக்கிவிட்டு, தங்கையின் பவுடரெல்லாம் வேர்வையில் வழிய, மெதுவாகத் திண்டிவனம் போய்ச் சேர்ந்தோம். முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருந்தது.

மண்டப வாசலில் மாப்பிள்ளையின் அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தார். வண்டியின் முன்பக்கத்தைப் பார்த்தார். "ஃபிளெக்ஸ் எங்க?"

"வழியில டிராஃபிக்குங்க..." என்று அம்மா சம்பந்தமில்லாமல் ஆரம்பித்தாள்.

"இல்லங்க அத்தை," என்றாள் தங்கை. "வண்டி சூடாயி நின்னுப்போச்சி. ஒங்க பையன் காத்த மறைச்சிக்கினு இருந்தாரு. விக்கிரவாண்டியிலயே கழட்டி வுட்டுட்டோம்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. காதலித்தவனை வேண்டாமென்று விட்டுவிட்டுப் போவதற்கும் கழட்டி விடுவது என்றுதானே சொல்கிறோம். அம்மா என் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

சம்பந்தியம்மா ஆரத்தித் தட்டைப் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினார். திரும்பி உள்ளே போய்விடுவார் என்றே நினைத்தேன். அவரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கழட்டி வுட்டியா? நல்ல காரியம் பண்ண. வூட்லயும் ஃபேனுக்கு முன்னாடிதான் வந்து நிப்பான். ஆனா ஒன்னு, தாலி கட்டின அப்புறம் கழட்டி வுட்டன்னா நான் திருப்பி வாங்கிக்க மாட்டேன், பாத்துக்க!"

தங்கைக்கு அடக்கி வைத்திருந்த அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. வண்டி நின்ற கதையை அந்த வீட்டில் இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார்கள். சகுனம் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை.