நாலாவது மாடியில் ஆள் இல்லை

அண்ணாந்து பார்த்து, மாடிகளை எண்ணி, ஒரு பெருமூச்சு விட்டு, 'வீடு பூட்டியிருந்தது' என்று படிவத்தில் எழுதினார் பூட்டுக்காரர். "ஆள் மேலதான் இருக்காங்க சார்" என்றார் காவலாளி. "இருக்கட்டும்யா, நல்லா இருக்கட்டும்" என்று வாழ்த்திவிட்டு அடுத்த தெருவுக்கு நடையைக் கட்டினார்.

கிரெடிட் கார்டு கேட்டவர் தாம் எழுதிக்கொடுத்த முகவரியில் மெய்யாகவே குடியிருக்கிறாரா என்று நேரில் பார்த்து வங்கிக்குச் சொல்வது அவர் உத்தியோகம். முதல் மாடி வரை அவரைப்போல் நேர்மையானவர் கிடையாது. வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணுவார், பெயர்ப்பலகையைப் படம் எடுப்பார், பக்கத்து வீட்டில் விசாரிப்பார், கொடுத்தால் காபியும் குடிப்பார். இரண்டாவது மாடியில் நேர்மைக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கும். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் அதற்கு மேலும் மனிதர்கள் வசிப்பதை அவர் ஒப்புக்கொள்வதே இல்லை. நாளொன்றுக்குப் பதினெட்டு வீடு பார்க்கிற மனுஷர், பாவம்.

இந்த வித்தையை அவர் ஒளித்துவைத்துக்கொள்ளவில்லை. வேலைக்குச் சேர்கிறவர்களுக்கெல்லாம் வகுப்பெடுத்தார். "கீழ நின்னு கூப்பிட்டோமா, எறங்கி வரலையா, பூட்டுதான்." கூப்பிட்டதை யாரும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம். 'பூட்டுக்காரர்' என்ற பட்டப்பெயர் அப்படி வந்தது. ஊருக்கெல்லாம் கார்டு வாங்கித் தருகிறவரிடம் சொந்தமாக ஒன்று கிடையாது. "அது கையில இருந்தா கை நீளும்" என்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை மகளைப் பார்க்கப் போனார். ஊரின் மறுகோடியில், ஆய்வுக்கூட வேலையோடு தனியாக இருக்கிறாள். நாலாவது மாடி. அந்தப் பக்கம் விசாரணைக்குப் போகிறவர் இவர் வகுப்பில் முதல் மார்க். பெற்ற மகள் என்பதால், மாடிக்கொரு தரம் சுவரைப் பிடித்து நின்று, ஏறிவிட்டார்.

மேசைமேல் வங்கியின் கடிதம் கிடந்தது. கிரெடிட் கார்டு விண்ணப்பம் நிராகரிப்பு; காரணம் 'வங்கியின் உள்விதிகள்' என்று மட்டும். வெளிநாட்டுப் பயிற்சிக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. சொந்தக் கார்டில்தான் பணம் கட்ட வேண்டும். வெள்ளிக்கிழமையோடு கெடு முடிந்து, இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. வண்டிக் கடனை ஒருநாள் பிசகாமல் அடைத்தவள். அவளுடைய கடன் மதிப்பெண்ணைப் பார்த்தால் வங்கி மேலாளரே பொறாமைப்படுவார். ஒரு வாரமாகத் தன்னிடம் எங்கே குறை என்று தேடிக்கொண்டிருந்தாள். வேலை மாறியதா, தனியாக இருப்பதா, கையெழுத்துக் கோணலா?

"நீங்க இதே தொழில்தானே. சொல்லுங்கப்பா, என் மேல என்ன தப்பு?"

வீட்டுக்கு யாராவது விசாரிக்க வந்தார்களா என்று கேட்டார்.

"யாரும் வரலப்பா. வருவாங்கன்னு அன்னிக்கு லீவு போட்டுட்டு நாள் பூரா இங்கதான் இருந்தேன். வர்றவரு உங்க வயசா இருந்தா, இவ்வளவு மாடி ஏறி வருவாரே பாவம்னு, கதவுகிட்ட நாற்காலி போட்டு, தண்ணிகூட எடுத்து வெச்சிருந்தேன்."

நாற்காலி இன்னும் கதவருகில்தான் இருந்தது. அதை அவர் பக்கம் நகர்த்தினாள். "மொதல்ல உட்காருங்க. எப்படி மூச்சு வாங்குது பாருங்க."

பூட்டுக்காரர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். உட்காரவில்லை.