கோப்பி முடியும் வரை

சிலிபின் வட்டாரத்துப் பட்டறை ஒன்றில் அந்த மெக்கானிக்கை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். குட்டையான மனிதர், முழங்கை வரை கிரீஸ். டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனிதரின் காரிலிருந்து இன்ஜினைச் செயின் பிளாக் சங்கிலியில் மாட்டித் தூக்கிக்கொண்டிருந்தார். ஒரு விரற்கடை எழும்பியதும் நிறுத்திவிட்டு, பிளாஸ்டிக் பையில் உறிஞ்சுகுழாய் செருகிய பொட்டலக் கோப்பியோடு தள்ளிப் போய் நின்றார்.

"என்னப்பா நிறுத்திட்ட? எனக்கு மீட்டிங் இருக்குலா," என்றார் டத்தோ.

"கோப்பி முடியட்டும் டத்தோ. அதுவரைக்கும் தொங்கட்டும், கொக்கி தாங்குதான்னு பாக்கணும். யாரும் கிட்ட போகாதீங்க."

டத்தோ கிட்டே போனார். இன்ஜினைத் தட்டியும் பார்த்தார். அது லேசாக ஆடியது.

அவர் விலகியதும் மெக்கானிக் இன்ஜினை இறக்கினார். கொக்கிகளைச் சரிபார்த்து, திரும்பவும் ஒரு விரற்கடை தூக்கி நிறுத்தினார். "இனி முதல்லேருந்து கோப்பி."

"அண்ணே, அவரு டத்தோண்ணே!" என்று கெஞ்சினார் பட்டறை முதலாளி.

"இன்ஜினுக்கு டத்தோவெல்லாம் தெரியாதுலா. விழுந்தா யாரு காலுன்னு பாக்காது."

டத்தோ வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

மெக்கானிக்கின் பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும்தான் தெரிந்தது, பொட்டலம் எப்போதோ காலி. ஆனாலும் அவர் சங்கிலியிலிருந்து கண்ணை எடுக்காமல், நிதானமாக உறிஞ்சிக்கொண்டே நின்றார்.